மார்கழிப் பனியில் வீட்டுச் செடிக்கு தண்ணி எவ்வளவு? கோடைத் தோட்டத்துக்கு இப்பவே விதைக்கணுமா? முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கியதும், வீட்டில் செடி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனா இலை மஞ்சளாகுதே, ஏன்?" என்பது முதல் கேள்வி. "தக்காளிச் செடி நல்லா வளர்ந்துச்சு, பூவும் வந்துச்சு, காய் மட்டும் பிடிக்கலையே, ஏன்?" என்பது இரண்டாவது.

முதல் பிரச்னை பனிக்காலத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது ஏப்ரல் மாதத்தில்தான் தெரியவரும். ஆனால் அதற்கான காரணம் டிசம்பர், ஜனவரியில் விதை போடாமல் தள்ளிப்போட்டதில் இருக்கிறது. இந்த இரண்டையும் எப்படி சமாளிப்பது என்று இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாக

- பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் குறைவாகவே தேவை. உரம் கிட்டத்தட்ட தேவையே இல்லை.
- தமிழ்நாட்டின் சமவெளியில் கோடைத் தோட்டத்துக்கான நாற்று மார்கழியிலேயே தயாராக வேண்டும்.
- தக்காளி தாமதமானால் வெயிலில் பூ உதிரும். வெண்டை, கொத்தவரை, கீரை வகைகளுக்கு அந்தப் பயம் குறைவு.
- தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்கு வாசல். வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும்.

நம்ம ஊரில் 'ஸ்பிரிங்' எப்போது?

யூடியூபில் தோட்டம் பற்றிய வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் திட்டம் போட்டு, பனி உருகியதும் மார்ச், ஏப்ரலில் தோட்டத்தில் இறங்குவார்கள். அங்கே செடிக்கு எதிரி குளிர். அது விலகும் வரை காத்திருப்பதுதான் அவர்கள் திட்டத்தின் அடிப்படை.

தமிழ்நாட்டில் கதையே வேறு. தமிழ் மரபில் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிப்பார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். 'ஸ்பிரிங்' என்பதை அகராதியில் தேடினால் இளவேனில் என்றுதான் வரும். ஆனால் இளவேனில் மாதங்களில்தான் அக்னி நட்சத்திரமே வருகிறது. சென்னையில் மே மாதம் பகல் வெப்பநிலை சராசரியாக 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும்.

அதாவது அங்கே குளிர் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இங்கே வெயில் வருவதற்குள் முடித்தாக வேண்டும். செடிகள் வேர்விட்டு, இலைவிட்டு, பூப்பதற்கு ஏற்ற இதமான நாட்கள் நமக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மார்ச்சில் தக்காளி விதை போட்டால் வேலைக்கு ஆகாது.

பனிக்காலத்தில் வீட்டுச் செடிக்கு என்ன ஆகிறது?

முதலில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளைப் பார்ப்போம். மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு பாலினீசியத் தீவுகள். ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அரிக்கா பாம் மடகாஸ்கரில் இருந்து வந்தது. பீஸ் லில்லியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகள். எல்லாமே வெப்பமான பகுதிச் செடிகள்.

இவற்றில் பலவும் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் வாடத் தொடங்கும். சென்னையில் ஜனவரி மாத இரவு வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி. மதுரை, திருச்சி, கோவையிலும் இந்தச் செடிகளுக்கு ஆபத்தான குளிர் கிடையாது. எனவே, "பனியில செடி பட்டுப்போச்சு" என்று சொல்லப்படும் பெரும்பாலான செடிகள் உண்மையில் பனியால் சாவதில்லை. வேர் அழுகித்தான் சாகின்றன.

காரணம் எளிமையானது. பகல் பொழுது குறுகி, வெயிலும் வெப்பமும் குறையும்போது செடியின் வளர்ச்சி மந்தமாகிறது. இலை வழியாக வெளியேறும் நீர் குறைகிறது. மழைக்காலத்தில் ஊறிய மண்ணும் சீக்கிரம் காயாது. கோடையில் ஊற்றிய அதே அளவு தண்ணீரை அதே பழக்கத்தில் தினமும் ஊற்றினால், மண்ணில் உள்ள காற்று இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பிவிடும். காற்று கிடைக்காத வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகியதும் நீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடும். அதைப் பார்த்து, "தண்ணி போதல போல" என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். செடிக்கு அதுதான் கடைசி அடி.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு?

இதற்கு நாள் கணக்கு வைப்பதைவிட விரல் கணக்கு நல்லது. ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடியில் உள்ள துளை வழியாக வெளியேறும் வரை நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி காயும் வரை தொட வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட இது மேல்.

- மணி பிளான்ட், பீஸ் லில்லி, அரிக்கா பாம்: மேல்மண் காய்ந்ததும் தண்ணீர். பல வீடுகளில் இது வாரம் ஒன்று அல்லது இரண்டு முறையாக அமையும்.
- ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட்: மண் முழுவதும் காய வேண்டும். இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகள் இவை. இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும்.
- கற்றாழை, சதைப்பற்றுள்ள செடிகள்: இலை லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது ஊற்றினால்கூட பிழைத்துக்கொள்ளும்.
- பாட்டில் தண்ணீரில் வளரும் மணி பிளான்ட்: வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கடைசியாகச் சொன்னது செடிக்காக மட்டும் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையில் இருந்து முழுக் கொசுவாக மாற சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, பூச்சாடி, பாட்டில் ஆகியவற்றில் உள்ள நீரை வாரம் ஒருமுறை கொட்டினாலே இந்தச் சுழற்சி உடைந்துவிடும். ஏடிஸ் முட்டைகள் உட்புறச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

உரத்தைப் பொறுத்தவரை, மந்தமாக வளரும் செடிக்கு டிசம்பர், ஜனவரியில் உரம் போடத் தேவையில்லை. மாசி பிறந்து புதுத்தளிர் வரும்போது ஒரு கைப்பிடி மண்புழு உரத்தில் தொடங்கலாம். மற்றபடி இந்த சீசனில் செய்யவேண்டிய வேலைகள் சின்னச் சின்னவை. ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைப்பது, மஞ்சளான இலையைக் கிள்ளுவது, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவைப்பது, அவ்வளவுதான். இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஜன்னல் அதேதான், வெயில் அதே இல்லை

பலரும் கவனிக்காத விஷயம் இது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. உச்சி வேளையில்கூட தலைக்கு நேர் மேலே இருப்பதில்லை. அதனால் தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக நேரடி வெயில் அறைக்குள் ஆழமாக விழும். நிழல் விரும்பும் பீஸ் லில்லி அங்கே இருந்தால் இலை கருகலாம். பூக்கும் செடியும் துளசியும் அதே இடத்தில் இந்த சீசனில் நன்றாக வரும்.

தை பிறந்ததும் சூரியன் வடக்கு நோக்கி நகர்வது நாள்தோறும் தெரியத் தொடங்கும். ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் பெருமளவு குறைந்து, மேற்கு ஜன்னல்தான் அனலாகக் கொதிக்கும். எனவே ஜனவரியில் சரியாக இருந்த இடம் ஏப்ரலிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மொட்டை மாடிக்கும் இது பொருந்தும். இப்போது தெற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள் நீளமாக விழும். அந்த நிழலைப் பார்த்து, "இங்க வெயிலே வராது, கீரை வைக்கலாம்" என்று முடிவு செய்தால், சித்திரையில் அந்த இடத்தில் நிழல் துளிகூட இருக்காது. கோடையில் நிழல்வலை கட்டுவதற்கான கம்பி, கயிறு, கொக்கிகளுக்கு இப்போதே இடம் பார்த்து வைப்பது நல்லது.

இந்த சீசனில் எந்தச் செடி கண்ணுக்கு விருந்து?

சில செடிகள் இரவு நீண்டு பகல் குறையும்போதுதான் மொட்டுவிடும். சாமந்தி அந்த ரகம். இந்த மாதங்களில் நர்சரிகளில் சாமந்தித் தொட்டிகள் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். கிறிஸ்துமஸ் நேரத்தில் சிவப்பாக நிற்கும் பாயின்செட்டியாவும் அப்படித்தான். மெக்சிகோவைச் சேர்ந்த இந்தச் செடியில் நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் மொட்டுகள்தான் பூ. தெருவிளக்கு வெளிச்சம் இரவு முழுக்க விழும் பால்கனியில் இந்த இரண்டும் சரியாகப் பூக்காமல் போகலாம்.

நம்ம ஊர் டிசம்பர் பூவுக்கு அறிமுகமே தேவையில்லை. ஊதா, வெள்ளை நிறங்களில் பூக்கும் இந்தச் செடிக்குப் பெரிய பராமரிப்பு எதுவும் வேண்டாம். பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டு, அந்தக் கிளைகளையே பதியன் போட்டால் அடுத்த மார்கழிக்குப் புதுச்செடி ரெடி.

வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்குமா?

"இந்தச் செடி வெச்சா ஏர் பியூரிஃபையரே வேணாம்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு முக்கியக் காரணம் 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு. அந்தச் சோதனை காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. வீடு அப்படி இல்லை. கதவு, ஜன்னல் வழியாகக் காற்று வந்துபோய்க்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுகுறித்த பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்களின் முடிவு. அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே சுலபம்.

அதற்காக வீட்டுச் செடி வீண் என்று அர்த்தமில்லை. பார்க்கப் பச்சையாக, மனசுக்கு இதமாக இருக்கிறது என்பதே வளர்ப்பதற்குப் போதுமான காரணம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, பீஸ் லில்லி ஆகியவற்றின் இலைகளில் கால்சியம் ஆக்சலேட் எனும் ஊசி போன்ற படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கலாம். தவழும் குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீட்டில் இவற்றை உயரத்தில் வையுங்கள்.

கோடைத் தோட்டம்: ஏப்ரலில் இருந்து பின்னோக்கி எண்ணுங்க

இனி மாடிக்குப் போவோம். தக்காளியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீட்டுத்தோட்டங்களில் முதலில் வைப்பதும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

பகல் வெப்பநிலை 35 டிகிரியை நெருங்கி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ பூக்கும், ஆனால் காயாகாமல் உதிரும். சென்னையில் மார்ச் மாத இரவு வெப்பநிலையே சராசரியாக 23, 24 டிகிரியைத் தொட்டுவிடும். ஏப்ரலில் 26-ஐத் தாண்டும். உரமோ டானிக்கோ கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

தக்காளியின் நாள் கணக்கு இதுதான். விதைத்து சுமார் 25 நாட்களில் நாற்று நடத் தயாராகும். நட்டு 30 நாட்களில் பூக்கத் தொடங்கும். பூவில் இருந்து பழமாக இன்னும் 40 நாட்கள் வரை ஆகும்.

- டிசம்பர் 20-ல் விதைத்தால்: பொங்கல் சமயத்தில் நடவு, பிப்ரவரி நடுவில் பூ, மார்ச் கடைசியில் பழம். இதமான இரவுகள் இருக்கும்போதே பூக்கள் காயாகிவிடும்.
- ஜனவரி 20-ல் விதைத்தால்: பிப்ரவரி நடுவில் நடவு, மார்ச் நடுவில் பூ. பாதி பூ நிற்கலாம், பாதி உதிரலாம்.
- பிப்ரவரி 20-ல் விதைத்தால்: மார்ச் நடுவில் நடவு, ஏப்ரல் நடுவில் பூ. செடி பச்சையாக நிற்கும், காய்க்கு உத்தரவாதம் இல்லை.

கோவை, ஓசூர் போன்ற இரவுகள் சற்றுக் குளிர்ந்த ஊர்களில் இரண்டு, மூன்று வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கும். கடலோர ஊர்களில் அந்தச் சலுகை கிடையாது.

எதை, எப்போது விதைக்கலாம்?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்தபடியாக காய்கறிக்கு ஏற்றது தைப்பட்டம்.

மார்கழி, நாற்று விட: தக்காளி, கத்தரி, மிளகாய். கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாட்களும், மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாட்களும் தேவை. மூன்றில் வெயிலை அதிகம் தாங்குவது கத்தரி.

மார்கழி, நேரடியாக விதைக்க: முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை. கொத்தமல்லி வெயில் ஏறினால் இலைவிடாமல் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். அதனால் தாமதிக்க வேண்டாம். காலிஃப்ளவர், முட்டைகோஸுக்கு இப்போது சமவெளியில் காலம் கடந்துவிட்டது. அவற்றை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தை: பீர்க்கன், புடலை, பாகல், சுரை ஆகிய கொடி வகைகள், தர்பூசணி, வெண்டை. கொடிகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிஞ்சு போன்ற அடிப்பகுதியுடன் வருவதுதான் பெண் பூ. மாடியில் தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால், ஆண் பூவைப் பறித்து பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிட்டால் போதும்.

மாசி, பங்குனி: வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை. வெண்டையும் கொத்தவரையும் 45 நாட்களில் காய்க்கு வந்துவிடும். கீரைகளை 25 நாட்களிலேயே பறிக்கலாம். கோடையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெண்டையைத் தாக்கும். நரம்பு மஞ்சளான செடியை உடனே பிடுங்கி அகற்றுங்கள்.

பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்திலும் ஒரு திட்டம் இருக்கிறது. நன்றாக முற்றிய கிழங்கை எடுத்து, நிழலான இடத்தில் உலர்ந்த மணலில் வைத்திருந்தால் சித்திரை, வைகாசியில் நடலாம். கரும்பில் இருந்து கிடைக்கும் சோகையையும் தூக்கிப் போட வேண்டாம். காயவைத்து, நறுக்கி, தொட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும்.

மல்லிக்கு கத்தரி போட வேண்டிய நேரம்

வசந்தகாலத் தோட்டம் என்றால் தமிழ்நாட்டில் மல்லி இல்லாமல் முடியாது. புதிதாக விடும் கிளையில்தான் மல்லி மொட்டு வைக்கும். அதனால் பனிக்காலத்தில் கவாத்து செய்தால்தான் மார்ச் முதல் பூ குவியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையில் இருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லிக்கு நாள் தவறியிருந்தால் டிசம்பரில் வெட்டலாம், பூ கொஞ்சம் தள்ளி வரும். "பச்சையா இருக்கிற செடியை வெட்ட மனசு வரல" என்று விட்டுவிட்டால், கோடையில் இலை மட்டும்தான் அடர்த்தியாக இருக்கும்.

விதை வாங்கும் முன்பு கவனிக்க வேண்டியவை

முளைப்புத்திறன்: விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதம், சோதனை செய்த தேதி, எதுவரை செல்லும் என்ற விவரம் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். போன வருட விதை கையில் இருந்தால், 10 விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் 7-க்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 4-க்கும் குறைவு என்றால் புதிது வாங்குங்கள்.

நாட்டு விதையா, ஹைபிரிடா: ஹைபிரிட் ரகத்தின் பழத்தில் இருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போலவே வராது. விதை எடுத்து வைத்து வருடாவருடம் போட நினைப்பவர்களுக்கு நாட்டு ரகமே சரி.

எடை: 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வளர்ப்புப் பை சுமார் 20 லிட்டர் மண்கலவை கொள்ளும். நனைந்தால் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறையாது. 30 பை என்றால் 600 கிலோ. தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் பரவலாக வையுங்கள். பழைய கட்டடம், நீர்க்கசிவு உள்ள தளம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் பெரிய தோட்டம் வேண்டாம்.

உரம்: சமையலறைக் கழிவு மக்குவதற்கு 45 முதல் 60 நாட்கள் வரை ஆகும். மார்கழியில் தொடங்கினால் மாசியில் கையில் உரம் இருக்கும்.

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை, வளர்ப்புப் பை, விதை உள்ளிட்டவை அடங்கிய மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கி வந்துள்ளது. இப்போதைய இருப்பு, விலை விவரங்களை அருகில் உள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன கணக்கு எதுவும் மலையில் செல்லாது. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். வெளியில் இருக்கும் செடிகளை இரவில் வீட்டுக்குள் எடுப்பது அல்லது போர்வை, காய்ந்த செத்தைகளால் மூடுவது கட்டாயம். 1848-ல் உருவாக்கப்பட்ட ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவிலும் இதைத்தான் செய்கிறார்கள். உறைபனியில் இருந்து மலர்ச்செடிகளைக் காக்க மிலார் செடிகளால் மூடுகிறார்கள். புல்வெளியில் படியும் பனியைக் கரைக்க அதிகாலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சியில் நாம் பார்க்கும் தொட்டிகளுக்கான வேலை, சுற்றுலாப் பயணிகள் ஸ்வெட்டர் போட்டுத் திரியும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

வெளிநாட்டில் கருவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

கனடா, பிரிட்டனில் இருக்கும் தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் கருவேப்பிலைத் தொட்டிக்குத் தனி மரியாதை உண்டு. இரவு வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும்போதே அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், வெளிச்சம் அதிகம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். இலை உதிர்ந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும். டொராண்டோவில் கடைசி உறைபனி மே மாதம் வரைகூட வரலாம் என்பதால், தக்காளி விதையை அதற்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பு, மார்ச் கடைசியில் வீட்டுக்குள் போட்டால் சரியாக இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலத்தில் தொட்டி மாற்றலாமா?
வேர் அழுகிய செடியை உடனே மாற்றலாம். கறுத்த வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் வைத்து, சில நாட்களுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். நன்றாக இருக்கும் செடியை மாசியில் மாற்றுவது நல்லது.

படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் ஆக்சிஜன் குறையுமா?
செடிகள் இரவில் சுவாசிக்கும்போது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவு மிகக் குறைவு. அறையில் தூங்கும் இன்னொரு ஆள் வெளிவிடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டாம்.

ஏசி அறையில் செடி இருக்கலாமா?
இருக்கலாம். ஏசியின் காற்று நேராக இலைமேல் படக் கூடாது. இலை நுனி பழுப்பாகக் காய்ந்தால் இடத்தை மாற்றுங்கள்.

தை பிறந்துவிட்டது, நாற்று விடவில்லை. தக்காளி வைக்கவே முடியாதா?
நர்சரியில் 25 நாள் வயதுள்ள நாற்றை வாங்கி நட்டால், தவறவிட்ட நாட்களை ஈடுகட்டிவிடலாம். ஜனவரி கடைசிக்குள் நட்டுவிட வேண்டும். அதுவும் முடியவில்லை என்றால், அந்தப் பையில் வெண்டையோ கொத்தவரையோ போட்டுவிட்டு, தக்காளியை ஆடிப்பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். பை காலியாகக் கிடப்பதைவிட அது லாபம்.